அந்தக் கோப்பை யாருக்குத் தேவைப்பட்டது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கிளாஸ்கோவின் இப்ராக்ஸ் மைதானத்தில் 1902இல் கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பார்வையாளர் நின்ற மர மேடை உடைந்து 25 பேர் இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த அந்த ஆட்டம் ‘பிரிட்டிஷ் ஹோம் சாம்பியன்ஷிப்’ போட்டியைச் சேர்ந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டான். “பிரிட்டன் ஒரு நாடுதானே, அதுக்கு எப்படி நாலு டீம்?” என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவனுக்குத் திருப்தி இல்லை.

தேடிப் பார்த்ததில் அந்தப் போட்டி 1984இல் நின்றுபோனது தெரிந்தது. உண்மையைச் சொன்னால், நின்றதில் பெரிய நஷ்டம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே நாட்டுக்குள் நான்கு அணிகள் வருடாவருடம் மோதுவது நம் மாவட்டப் போட்டி மாதிரிதானே? இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மாறி மாறி ஜெயித்திருக்கின்றன, மற்ற இரண்டும் எண்ணிக்கைக்கு இருந்திருக்கின்றன. கூட்டம் குறைந்தது, ரகளை கூடியது, மூடிவிட்டார்கள். நான் எதையாவது கவனிக்காமல் விடுகிறேனா? அதை மறுபடி தொடங்க வேண்டும் என்று சிலர் சொல்வதில் அர்த்தம் உண்டா? நம் பக்கத்து நாடுகளுக்குள் இப்படி ஏதாவது நடந்ததுண்டா?

அன்புடன்,
எஸ்.,
தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

மகனின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஆடத் தொடங்கியபோது உலகத்தில் எதிர்த்து ஆட வேறு யாரும் இல்லை. நாலு அணிகள் இருப்பதற்கு அதுதான் காரணம். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1863இல் உருவானது. ஸ்காட்லாந்துச் சங்கம் 1873, வேல்ஸ் 1876, அயர்லாந்து 1880. கிளாஸ்கோவின் பார்ட்டிக் பகுதியில், ஒரு கிரிக்கெட் மைதானத்தில், 1872 நவம்பர் 30 அன்று இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடின. யாரும் கோல் போடவில்லை. உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம் என்று இன்றுவரை கணக்கில் இருப்பது அதுதான்.

அப்போது ஆளுக்கொரு விதி வைத்திருந்தார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை எப்படி உள்ளே எறிவது என்பதில்கூட ஒத்துப்போகவில்லை. 1882 டிசம்பரில் நாலு சங்கங்களும் மான்செஸ்டரில் உட்கார்ந்து பேசி, பொது விதிக்கு ஒப்புக்கொண்டன. அப்புறம்தான் ஒவ்வொரு ஆண்டும் நால்வரும் ஒருவரோடொருவர் ஆடும் சாம்பியன்ஷிப் வந்தது. முதல் ஆட்டம் 1884 ஜனவரி 26, பெல்ஃபாஸ்டில். அயர்லாந்தை ஸ்காட்லாந்து 5-0 என்று வென்றது. விதிகளைக் காக்க 1886இல் நான்கு சங்கங்களும் சேர்ந்து அமைத்த வாரியம்தான் இன்றும் கால்பந்தின் சட்டங்களை முடிவுசெய்கிறது. அதில் அந்த நாலு சங்கங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு நாலு வாக்கு. ஃபிஃபா பிறந்ததே 1904இல். அதற்குள் நாலு சங்கங்களிலும் இளையதான அயர்லாந்துச் சங்கத்துக்கு 24 வயது. இருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்வதைத் தவிர ஃபிஃபாவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஒலிம்பிக்கில் மட்டும் பிரிட்டன் ஒரே நாடு. அதனால்தான் அங்கே கால்பந்து அணி அனுப்பும் பேச்சு வரும்போதெல்லாம் ஸ்காட்லாந்துக்காரர்களும் வேல்ஸ்காரர்களும் பதறுவார்கள். ஒரு முறை சேர்ந்து ஆடினால், பிறகு நாலாக ஏன் ஆட வேண்டும் என்று மற்ற நாடுகள் கேட்டுவிடுமே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான்.

சரி, மாவட்டப் போட்டிக்கு வருகிறேன். அந்த ஒப்பீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. 1937 ஏப்ரலில் கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 1 லட்சத்து 49 ஆயிரத்துக்கும் மேல். ஸ்காட்லாந்தில் தனி நாடாளுமன்றம் இல்லாத காலம் அது. ‘நாங்கள் வேறு’ என்று ஒரு மொத்த மக்கள் கூட்டம் ஒரே இடத்தில் நின்று சொல்ல ஆண்டுக்கு ஒரு பிற்பகல்தான் கிடைத்தது. வேல்ஸுக்கும் அப்படித்தான். அவர்கள் ஆடியது நாடாகத்தான்.

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் மறுக்க விரும்புவது ‘மற்ற இரண்டும் எண்ணிக்கைக்கு இருந்திருக்கின்றன’ என்ற வரியை. பட்டக் கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. இங்கிலாந்து தனியாக 34 முறை வென்றது, ஸ்காட்லாந்து 24 முறை. வேல்ஸ் 7, அயர்லாந்து 3. பகிர்ந்துகொண்ட பட்டங்கள் இதில் சேராது. ஆனால் இந்தப் போட்டி யாருக்கு உயிராக இருந்தது என்பதை இந்த எண்கள் சொல்லாது.

அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1882இல் அவர்கள் ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்திலேயே இங்கிலாந்து 13 கோல் போட்டது. அயர்லாந்து ஒன்றுகூடப் போடவில்லை. அப்படி அடிவாங்கிய அணி ஒன்றிரண்டு வருடத்தில் காணாமல் போயிருக்கும். போகவில்லை, ஏனென்றால் அடுத்த ஆண்டும் அதே பெரிய அணிகள் ஆட வந்தாக வேண்டும் என்று போட்டி கட்டாயப்படுத்தியது. 1887இல் வேல்ஸை வென்று முதல் வெற்றி. இங்கிலாந்தை முதல் முறையாக வென்றது 1913இல், பெல்ஃபாஸ்டில், 2-1. அடுத்த ஆண்டு மிடில்ஸ்பரோவுக்கே போய் 3-0 என்று அடித்தார்கள், வேல்ஸை 2-1 வென்றார்கள், ஸ்காட்லாந்தோடு 1-1 சமன் செய்தார்கள், கோப்பையைத் தனியாக வென்றார்கள். 13-0க்கும் இந்தக் கோப்பைக்கும் இடையில் 32 ஆண்டுகள். டப்ளின்காரர்களும் பெல்ஃபாஸ்ட்காரர்களும் சேர்ந்து ஆடிய அணி அது. அதில் இருந்த பாட்ரிக் ஓ’கானல் பின்னாளில் ஸ்பெயினுக்குப் போய் 1935இல் ரியல் பெட்டிஸ் கிளப்புக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார், உள்நாட்டுப் போர்க் காலத்தில் பார்சிலோனாவின் பயிற்சியாளராக இருந்தார். அந்தக் கோப்பையை வென்ற ஏழெட்டு ஆண்டுகளில் அயர்லாந்தே இரண்டாகப் பிரிந்தது. பிறகு இந்தப் போட்டியில் ஆடியது பெல்ஃபாஸ்ட் சங்கத்தின் அணி, அதாவது இன்றைய வட அயர்லாந்து.

வேல்ஸின் கஷ்டம் வேறு மாதிரி. அதன் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் இங்கிலாந்து கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடியவர்கள். சனிக்கிழமை லீக் ஆட்டம் இருந்தால் கிளப் விடாது. 1930 அக்டோபரில் இப்ராக்ஸில் ஸ்காட்லாந்தை எதிர்கொள்ள வேண்டும், கிளப்புகள் கைவிரித்துவிட்டன. கேப்டன் ஃப்ரெட் கீனர் கிடைத்தவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர்கள், சம்பளமே வாங்காத அமெச்சூர்கள், பெரும்பாலோருக்கு அதுவே முதல் சர்வதேச ஆட்டம். ஸ்காட்லாந்து எத்தனை கோல் போடும் என்பதுதான் பேச்சாக இருந்தது. வேல்ஸ் முதல் சில நிமிடங்களிலேயே கோல் போட்டது. கடைசியில் 1-1. இந்தப் போட்டியின் நூறாண்டுகளில் ஒரே ஒரு ஆட்டத்தை நேரில் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் நான் கேட்பது இதைத்தான்.

இந்தக் கதைகள் வெளியே அதிகம் தெரியாமல் போனதற்குக் காரணம், வரலாற்றை எழுதியவர்கள் எப்போதும் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்தை மட்டுமே பார்த்ததுதான். 1928ஐப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் 31 அன்று வெம்ப்ளியில் ஸ்காட்லாந்து 5-1 என்று இங்கிலாந்தைப் பந்தாடியது. அலெக்ஸ் ஜாக்சன் மூன்று கோல், அலெக்ஸ் ஜேம்ஸ் இரண்டு. ‘வெம்ப்ளி மந்திரவாதிகள்’ என்று அந்த அணியை இன்றும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டிய ஆட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வருடப் புள்ளிப் பட்டியலை எடுத்தால் முதலிடம் வேல்ஸ், இரண்டாமிடம் வட அயர்லாந்து. மந்திரவாதிகளின் ஸ்காட்லாந்துக்கு மூன்றாமிடம். மூன்று ஆட்டங்களிலும் தோற்ற இங்கிலாந்து ஒரு புள்ளிகூட இல்லாமல் கடைசி. வெம்ப்ளியில் அன்று அவர்கள் ஆடியது கடைசி இடத்தைத் தவிர்க்க. சாம்பியனான வேல்ஸ் அணியின் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்?

1967இலும் இதே கதை. முந்தைய ஆண்டு உலகக் கோப்பையை வென்றிருந்த இங்கிலாந்தை வெம்ப்ளியில் ஸ்காட்லாந்து 3-2 என்று தோற்கடித்தது. ஜிம் பாக்ஸ்டர் ஆட்டத்தின் நடுவே பந்தைக் காலால் தட்டித் தட்டித் தரையில் விழாமல் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்காரர்களைச் சீண்டிய காட்சியை இணையத்தில் உங்கள் மகன் பார்க்கலாம். 1966–67, 1967–68 ஹோம் சாம்பியன்ஷிப்புகள் இரண்டும் 1968 ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச்சுற்றாகவும் வைக்கப்பட்டிருந்தன. ஸ்காட்லாந்து தகுதி பெறவில்லை. அக்டோபரில் பெல்ஃபாஸ்டில் ஜார்ஜ் பெஸ்ட் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டங்களில் ஒன்றை ஆட, வட அயர்லாந்து 1-0 என்று ஸ்காட்லாந்தை வென்றுவிட்டது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் இங்கிலாந்து முன்னே போனது.

பெரியவர்களின் கர்வத்துக்கு ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1950 உலகக் கோப்பைக்கு ஹோம் சாம்பியன்ஷிப்பில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகளை ஃபிஃபா அழைத்தது. ஸ்காட்லாந்துச் சங்கம், சாம்பியனாக வந்தால் மட்டுமே பிரேசில் போவோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டது. கடைசி ஆட்டம் ஹாம்ப்டனில். சமன் செய்தாலே பட்டத்தைப் பகிர்ந்துகொள்ளலாம், போகலாம். இங்கிலாந்தின் ராய் பென்ட்லி ஒரு கோல் போட்டார். ஸ்காட்லாந்தின் வில்லி பால்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 1-0. ஸ்காட்லாந்துக்கு இரண்டாமிடம், அழைப்பு கையில் இருக்கிறது, ஆனாலும் போகவில்லை. ஆட்டக்காரர்களின் உலகக் கோப்பையைச் சங்கத்தின் வீம்பு பறித்துக்கொண்டது.

வருடாவருடம் பெரியவர்களோடு மோதியது சின்னவர்களுக்கு என்ன கொடுத்தது என்பது 1958இல் தெரிந்தது. ஸ்வீடன் உலகக் கோப்பைக்கு நாலு அணிகளுமே போயின. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. வேல்ஸும் வட அயர்லாந்தும் காலிறுதி வரை போயின. வேல்ஸை வெளியேற்ற பிரேசிலுக்கு 17 வயது பெலேயின் ஒரு கோல் தேவைப்பட்டது. அதற்கு ஏழு மாதம் முன்புதான் வட அயர்லாந்து வெம்ப்ளிக்குப் போய் இங்கிலாந்தை 3-2 என்று வென்றிருந்தது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இந்தச் சிறிய நாடுகளுக்கு ஆண்டுக்கு மூன்று கடுமையான ஆட்டங்கள் உறுதியாகக் கிடைத்தன. அந்த உறுதியில்தான் அணிகள் உருவாயின.

இனி, ஏன் நின்றது. நீங்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். 1977இல் வெம்ப்ளியில் ஜெயித்த ஸ்காட்லாந்து ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி கோல் கம்பத்தை உடைத்தார்கள், புல்தரையைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 80களில் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்தைத் தவிர மற்றவற்றுக்குக் கூட்டம் மெலிந்தது. உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை தகுதிச்சுற்றுகள் நாள்காட்டியை நிரப்பிவிட்டன.

வட அயர்லாந்தின் கலவரமும் இருந்தது. 1972இல் ஸ்காட்லாந்து பெல்ஃபாஸ்டுக்கு வர மறுத்ததால் வட அயர்லாந்து தன் ‘சொந்த மண்’ ஆட்டத்தை கிளாஸ்கோவில் ஆடியது. 1973இல் இங்கிலாந்தோடு ஆட வேண்டியதை லிவர்பூலில் ஆடியது. 1981 மே மாதம் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஐரிஷ் போராளி பாபி சாண்ட்ஸ் இறந்து பெல்ஃபாஸ்ட் கொந்தளித்தபோது, இங்கிலாந்தும் வேல்ஸும் போக மறுத்தன. போட்டி முடியாமலே கைவிடப்பட்டது. அந்த ஆண்டு வேல்ஸ் தோற்கவே இல்லை. ஸ்காட்லாந்தை வென்று, இங்கிலாந்தோடு சமன் செய்திருந்தது. பெல்ஃபாஸ்டில் மட்டும் ஆடி ஜெயித்திருந்தால் 1937க்குப் பிறகு முதல் முறையாகத் தனிச் சாம்பியன். போகாததற்காக அவர்களைக் குறைசொல்ல நான் துணியமாட்டேன், அன்றைய பெல்ஃபாஸ்டில் உயிர்பயம் நிஜம்.

ஆனால் நிறுத்தும் முடிவை எடுத்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1983இல் இங்கிலாந்துச் சங்கமும் ஸ்காட்லாந்துச் சங்கமும் அடுத்த ஆண்டோடு விலகுவதாக அறிவித்தன. தங்களுக்குள் ஆடும் ஆட்டத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. அதற்கு ‘ரவுஸ் கோப்பை’ என்று புதிய பெயர் வைத்து 1989 வரை நடத்தினார்கள். அதாவது ரகளைக்குப் பேர்போன ஆட்டத்தை, வசூலும் அதில்தான் என்பதால், வைத்துக்கொண்டார்கள். கழற்றிவிடப்பட்டது வேல்ஸும் வட அயர்லாந்தும். இங்கிலாந்து தங்கள் ஊருக்கு வரும் நாளின் டிக்கெட் வசூலை நம்பி நடந்த சங்கங்கள் அவை. ரகளைதான் காரணம் என்ற விளக்கம் இந்த இடத்தில் எனக்குச் செல்லுபடியாகவில்லை.

அதுவும் எப்போது? 1982 உலகக் கோப்பையில் போட்டியை நடத்திய ஸ்பெயினையே வலென்சியாவில் வட அயர்லாந்து 1-0 என்று வென்றிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஹோம் சாம்பியன்ஷிப்பையும் தனியாக வென்றிருந்தது. பலவீனமான அணி என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

கடைசி ஆண்டின் கணக்கை உங்கள் மகனோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று. வட அயர்லாந்து பெல்ஃபாஸ்டில் ஸ்காட்லாந்தை 2-0 வென்றது, வெம்ப்ளியில் 1-0 தோற்றது, ஸ்வான்சீயில் வேல்ஸோடு 1-1. வேல்ஸ் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்திடம் 2-1 தோற்றது. ரெக்ஸமில் மார்க் ஹியூஸ் தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே தலையால் முட்டிய கோலில் இங்கிலாந்தை வென்றது. மே 26 அன்று ஹாம்ப்டனில் கடைசி ஆட்டம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டில் எது வென்றாலும் கோப்பை அதற்கு. 1-1 என்று முடிந்தது. நாலு அணிகளும் ஆளுக்கு 3 புள்ளி!

1956இலும் இதேபோல நால்வரும் 3 புள்ளிகளில் நின்றார்கள். அப்போது கோல் வித்தியாசம் பார்க்கும் வழக்கம் இல்லை, பட்டத்தை நாலாகப் பகிர்ந்துகொண்டார்கள். 70களின் இறுதியில் அந்த விதி வந்துவிட்டது. வட அயர்லாந்துக்கு ஒரு கோல் கூடுதல், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பூஜ்யம், ஸ்காட்லாந்துக்கு ஒன்று குறைவு. விலகிப் போனவர்களுக்கு இல்லாமல், கழற்றிவிடப்பட்ட அணிக்கே கடைசிக் கோப்பை போனது. அதன் பிறகு போட்டி இல்லாததால் கோப்பை பெல்ஃபாஸ்டிலேயே தங்கிவிட்டது.

பிரிந்த பிறகு என்ன ஆனது என்பதும் சொல்ல வேண்டும். 1984இல் ரெக்ஸமில் மோதிய இங்கிலாந்தும் வேல்ஸும் அடுத்து மோதியது 2004இல், அதுவும் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுக் குலுக்கல் ஒரே பிரிவில் போட்டதால். நிலத்தால் ஒட்டிக் கிடக்கும் இரண்டு நாடுகள் 20 ஆண்டு ஒருவரோடொருவர் ஆடவில்லை. அந்த இருபது ஆண்டும் வேல்ஸ் எந்த உலகக் கோப்பைக்கும் போகவில்லை, ஐரோப்பியக் கோப்பைக்கும் போகவில்லை. போட்டி நின்றதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அயன் ரஷ், நெவில் சவுத்தால் போன்றவர்கள் ஆடிய தலைமுறைக்கு வீட்டருகே ஒரு கோப்பைகூட மிச்சமில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நம் பக்கத்து நாடுகளைப் பற்றிக் கேட்டீர்கள். இருந்தது. ‘கொழும்புக் கோப்பை’ என்று இந்தியா, பாகிஸ்தான், பர்மா, சிலோன் நாலும் ஆடிய போட்டி. 1952இல் கொழும்பு, 1953இல் ரங்கூன், 1954இல் கல்கத்தா, 1955இல் டாக்கா. இந்தியாவும் பாகிஸ்தானும் கால்பந்தில் முதல் முறையாக மோதியது கொழும்பில்தான், கோல் இல்லாத சமன், பட்டத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். மற்ற மூன்றையும் இந்தியா வென்றது. நாலு ஊரும் ஒரு சுற்று நடத்தி முடித்ததோடு நின்றுவிட்டது. பிரிவினை நடந்து ஐந்தே ஆண்டுகளில் இது சாத்தியமாகியிருக்கிறது என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மறுபடி தொடங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு முறை முயன்றார்கள். 2011இல் டப்ளினில் அயர்லாந்துக் குடியரசு, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நாலும் ஆடிய ஒரு போட்டி. அயர்லாந்துக் குடியரசு வென்றது. வேல்ஸும் வட அயர்லாந்தும் மோதிய ஆட்டத்துக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. இங்கிலாந்து கலந்துகொள்ளவில்லை. அது அதோடு முடிந்தது. இதிலிருந்து ‘யாருக்கும் ஆர்வமில்லை’ என்று முடிவுசெய்பவர்கள் உண்டு. எல்லா ஆட்டத்தையும் ஒரே ஊரில் வைத்தால், கார்டிஃபிலிருந்தும் பெல்ஃபாஸ்டிலிருந்தும் செலவழித்துக்கொண்டு யார் போவார்கள்? பழைய போட்டி ரெக்ஸமுக்கும் ஸ்வான்சீக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் போனது. பெரிய அணி சின்ன ஊருக்கு வந்து ஆட வேண்டியிருந்தது. அதுதான் அதன் பலம்.

தொடங்க வேண்டும் என்பதே என் விருப்பம். இன்றைய நாள்காட்டியில் ஆண்டுதோறும் முடியாது, நாலு ஆண்டுக்கு ஒரு முறை முடியும். இங்கிலாந்து ஆட வேண்டும், அதன் முதன்மை அணியோடு ஆட வேண்டும். அயர்லாந்துக் குடியரசையும் சேர்த்து ஐந்தாக்கலாம். ஆட்டங்களில் பாதியாவது இங்கிலாந்துக்கு வெளியே நடக்க வேண்டும், வசூல் சமமாகப் பிரிய வேண்டும். இவற்றில் எதையும் விட்டுக்கொடுத்துத் தொடங்குவதானால், இன்னொரு 2011தான் மிஞ்சும்.

அன்புடன்.